‘அதான் அழிச்சிட்டம்லா சார்!’: இணையத்தில் போட்டது எங்கே போகிறது?

பள்ளிகளில் ‘இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வு’ என்று வருடத்துக்கு ஒரு நிகழ்ச்சி நடக்கும். மைக் பிடிப்பவர் யாராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான்: போனை அதிகம் பார்க்காதே, முன்பின் தெரியாதவரிடம் பேசாதே, போட்டோ போடாதே. கைதட்டல் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரு குரூப் போட்டோ. அன்று சாயங்காலமே அந்தப் போட்டோ பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஏறிவிடும், முன்வரிசைப் பிள்ளைகளின் ஐடி கார்டு பளிச்சென்று தெரிய.

‘செய்யாதே’ என்பதை எல்லாரும் சொல்கிறோம். ‘ஏன்’ என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால் பிள்ளைகள் அந்த இடத்தைத் தங்கள் சொந்தக் கணக்கால் நிரப்பிக்கொள்கிறார்கள். டெலிட் பண்ணினால் போய்விடும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். வாட்ஸ்அப்பை யாரும் பார்க்க முடியாது. பிரைவேட் அக்கவுண்ட் என்றால் நம்ம ஆட்கள் மட்டும்தான். நான்கிலும் பாதி உண்மை இருக்கிறது, சிக்கலும் அதனால்தான். முழுப் பொய்யாக இருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும்.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கலாம்.

அனுப்புவது என்றால் நகலெடுப்பது

பாளையங்கோட்டையில் எந்தக் கல்லூரி வாசலிலும் பரீட்சை சமயத்தில் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நிற்கும். நன்றாகப் படிக்கிற ஒருத்தியின் நோட்டு உள்ளே போகும், இருபது செட் வெளியே வரும். இருபதிலிருந்து விடுதிக்கு இரண்டு போகும், அங்கே மறுபடி ஜெராக்ஸ். பரீட்சை முடிந்து அவள் தன் நோட்டைப் பழைய பேப்பர் கடையில் போட்டாலும் செட்டுகள் எல்லாம் அங்கங்கே கிடக்கத்தான் செய்யும். எங்கெங்கே கிடக்கின்றன என்பது அவளுக்கே தெரியாது.

இணையத்தில் ‘அனுப்பு’ என்ற பொத்தான் செய்வது இந்த வேலையைத்தான். உங்கள் கையில் இருக்கும் பொருள் நகர்ந்து போவதில்லை. நகல் ஒன்று புதிதாக உண்டாகிறது.

மேலப்பாளையத்தில் இருக்கும் ஒரு மாணவி, நாற்பது பேர் இருக்கும் வகுப்பு குரூப்பில் வாட்ஸ்அப் வழியாக ஒரு போட்டோ போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அசல் அவள் கேலரியில் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ஒரு சின்ன நகல் செய்து சர்வருக்கு அனுப்பும். சர்வர் என்பது நிறுவனம் எங்கோ ஓர் ஊரில் எந்நேரமும் ஓடவிட்டிருக்கும் கம்ப்யூட்டர். நம் போன்கள் நேராகப் பேசிக்கொள்ளாமல் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. அங்கிருந்து ஒவ்வொரு போனுக்கும் ஒரு நகல் இறங்கும். அம்பாசமுத்திரத்தில் ஒருவனின் போன் அணைந்து கிடந்தால், அது உயிர்பெறும்வரை, அதிகபட்சம் 30 நாள், அவனுக்கான செய்தி சர்வரில் காத்திருக்கும். இறங்கிய நகலைச் சிலரின் போன் தானாகவே கேலரியில் சேமிக்கும். இன்னும் சிலரின் போன் ராத்திரி வைஃபை கிடைத்ததும் பேக்கப் எடுக்கும். போன் தொலைந்தாலும் மீட்டுக்கொள்ள, உள்ளே இருப்பதை வேறொரு கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து வைப்பதுதான் பேக்கப். அவள் ஒரு தடவைதான் அமுக்கினாள். நகல் எத்தனை என்று அவளால் எண்ண முடியாது.

இப்போது அவள் ‘அனைவருக்கும் நீக்கு’ என்பதை அமுக்குகிறாள். அதுவும் ஒரு செய்திதான். மற்ற போன்களில் இருக்கும் வாட்ஸ்அப்புக்கு ‘அந்தப் படத்தை எடுத்துவிடு’ என்று உத்தரவு போகிறது. வாட்ஸ்அப் தன் கைக்கு எட்டியதை எடுத்துவிடும். எட்டாதவை பல. அதற்குள் எடுத்த ஸ்கிரீன்ஷாட், வேறு குரூப்புக்குத் தள்ளிவிட்ட நகல், பேக்கப்பில் போய் உட்கார்ந்தது எல்லாம் இருக்கும். ஐபோனில் கேலரியில் சேமித்தது அங்கேயே தங்கிவிடலாம் என்று வாட்ஸ்அப் நிறுவனமே சொல்கிறது. நீக்குவதற்கான அவகாசமும் சுமார் இரண்டு நாள்தான்.

எழுத்தாக அனுப்பியதற்கு இன்னொரு வழி உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல் பல போன்களில் ‘நோட்டிபிகேஷன் ஹிஸ்டரி’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை ஆன் செய்து வைத்திருந்தால், கடந்த 24 மணி நேரத்தில் திரையில் எட்டிப்பார்த்த அறிவிப்புகளை மறுபடி படிக்கலாம். வாட்ஸ்அப்பில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று இருக்கும். இங்கே அந்த வாசகம் அழியாமல் நிற்கும்.

ஸ்டோரி கதையும் இதேதான். 24 மணி நேரத்துக்குப் பிறகு மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனால் உங்கள் கணக்கின் ஆர்க்கைவ் பகுதியில் வழக்கமாக இருக்கும். இன்ஸ்டாகிராமில் அழித்த பதிவு ‘சமீபத்தில் நீக்கியவை’ என்ற இடத்தில் 30 நாள் இருந்துவிட்டுத்தான் போகும். ‘ஒருமுறை மட்டும் பார்க்க’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடமாட்டார்கள், உண்மை. பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் பிடிப்பதை எந்த ஆப் தடுக்கும்?

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அனுப்பினால் நகல் உண்டாகும், அழிப்பது என்பது நகல்களை நோக்கிப் போகும் ஒரு வேண்டுகோள், அது எல்லா நகலையும் போய்ச் சேராது.

‘வாட்ஸ்அப்பை யாரும் பார்க்க முடியாதே?’

வாட்ஸ்அப் திறந்ததும் பூட்டுப் படம் போட்டு ஒரு வரி வரும், ‘முனைக்கு முனை மறையாக்கம்’ என்று. 2016 முதல் எல்லாருக்கும் இருக்கும் வசதி இது. நீங்கள் அனுப்புவதை உங்கள் போனே புரியாத எண்களாகக் குலைத்து அனுப்பும். குலைத்ததை மறுபடி சேர்க்கும் சாவி பெறுபவரின் போனில் மட்டும் இருக்கும். நடுவில் இருக்கும் சர்வருக்குக்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அது காப்பாற்றுவது வழியை மட்டும்தான். இரண்டு முனைகளிலும் படம் படமாகவே இருக்கிறது. பெறுபவன் பக்கத்தில் இருப்பவனிடம் காட்டலாம், போனைக் கடையில் ரிப்பேருக்குக் கொடுக்கலாம், விசாரணைக்குப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டி வரலாம். அவன் உங்களைப் பற்றி வாட்ஸ்அப்பிலேயே ‘ரிப்போர்ட்’ அடித்தால், நீங்கள் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும்.

பிரைவேட் அக்கவுண்ட் பற்றி ஒரு பையனிடம் கேட்டுப் பாருங்கள்.

“பிரைவேட்டுதான் சார். நம்ம பயலுவ மட்டுந்தான் இருக்கானுவ.”

“எத்தன பேருலே?”

“ஒரு நானூறு பேரு இருக்கும் சார்.”

மறையாக்கமும் பிரைவேட் அமைப்பும் தெரியாதவனைத் தடுக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் வினையில் பெரும்பகுதி தெரிந்தவன் வழியாகத்தான் வருகிறது. நேற்றுவரை உயிர் நண்பனாக இருந்து இன்று சண்டை போட்டவன் வழியாக.

போட்டோவுக்குள் இருக்கும் விவரம்

கேமராவில் லொக்கேஷன் ஆன் ஆகி இருந்தால், படம் எடுத்த இடம், நேரம், போன் மாடல் எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறிப்புகளுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இடக் குறிப்பு கழன்றுவிடும். தெளிவாகப் போக வேண்டும் என்று ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், குறிப்போடு. கேமரா அமைப்பில் லொக்கேஷனை அணைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை முடிந்தது.

உண்மையில் மெட்டாடேட்டாவைவிடக் கண்ணுக்குத் தெரிகிறதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. யூனிபார்ம் எந்தப் பள்ளி என்று சொல்லும். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டில் வகுப்பு, ரத்தப் பிரிவு, அப்பாவின் செல் நம்பர்வரை இருக்கும். பின்னால் நிற்கும் பஸ்ஸின் போர்டில் ‘பாபநாசம்’ என்றிருந்தால் எந்த வழியில் போய் வருகிறாள் என்பதும் தெரிந்துவிடும். நாலு படத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பிள்ளையின் ஒரு நாளையே எழுதிவிடலாம்.

இந்த விஷயத்தில் பெற்றோரைத்தான் முதலில் திட்ட வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் ஸ்டேட்டஸைத் திறந்தால் மார்க் பட்டியலாகத்தான் இருக்கும். சந்தோஷம் நியாயமானது. ஆனால் அரசு இணையதளத்தில் ஒருவரின் முடிவைப் பார்க்கப் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போதும். பட்டியலை அப்படியே படம் எடுத்துப் போட்டால் இரண்டையும் கொடுத்தாயிற்று. அப்புறம் ஒருவன் போன் செய்வான். பிள்ளை பெயர், பள்ளி, மார்க் எல்லாம் சரியாகச் சொல்லுவான். “கல்வி உதவித்தொகை வந்திருக்கு, நான் அனுப்புற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்பான். இவ்வளவு விவரம் தெரிந்தவன் ஆபீஸ்காரனாகத்தான் இருப்பான் என்று அம்மா நம்பிவிடுவாள். யுபிஐ-யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. பின் நம்பர் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப் போகிறது என்று அர்த்தம்.

மார்க்கைச் சொல்ல ஆசையா, மார்க்கை மட்டும் எழுதிப் போடுங்கள்.

ரீல் யாரிடம் போய்ச் சேர்கிறது

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. விழிப்புணர்வுக் கூட்டங்களில் யாரும் வாயைத் திறக்காத சங்கதி.

கையில் வண்ணக் கயிறு, பின்னணியில் சாதிப் பெருமைப் பாட்டு, பைக்கில் மூன்று பேர், சில நேரம் கையில் அரிவாள். திருநெல்வேலிச் சீமையில் பள்ளிப் பையன்கள் போடும் ரீல்களில் இப்படி ஒரு ரகம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும், அவனோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பள்ளி வாசலில் கயிற்றை அறுத்துவிடலாம். ரீலில் இருக்கும் கயிறு?

ரீல் எப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால் இதன் ஆபத்து விளங்கும். உங்கள் ரீலை யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுப்பது நீங்கள் அல்ல, அல்காரிதம். யாருக்கு எதைக் காட்டினால் அவர் அதிக நேரம் பார்ப்பார் என்று கணிக்கும் கணக்கு முறைக்குத்தான் அந்தப் பெயர். அது பாட்டின் பொருளைப் படித்துச் சரி தவறு பார்ப்பதில்லை. எத்தனை நொடி பார்த்தார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்பினார்கள், எத்தனை கமெண்ட் விழுந்தது என்று பார்க்கிறது. பப்ளிக் கணக்கில் போட்ட ரீல் என்றால், பின்தொடராதவர்களுக்கும் கொண்டுபோய்க் காட்டிப் பார்க்கும். நின்று பார்த்தார்கள் என்றால் இன்னும் விரிக்கும்.

பெருமைப் பாட்டை நின்று பார்ப்பவன் யார்? சொந்தச் சாதிக்காரன் பார்ப்பான். கோபத்தில் எதிர்த் தரப்புக்காரனும் பார்ப்பான், அவன்தான் நீளமாகக் கமெண்ட் எழுதுவான், தன் குரூப்பில் தள்ளிவிட்டு “இதப் பாருங்கலே” என்பான். அல்காரிதத்துக்கு இரண்டும் ஒன்றுதான். திட்டுவதற்காகப் பகிர்ந்தாலும் பகிர்ந்ததாகத்தான் எண்ணிக்கொள்ளும். ஆக, தன் தெருப் பையன்களுக்காகப் போட்ட ரீலை அடுத்த தெருவில் கொண்டுபோய் இறக்குவது இந்த ஏற்பாடுதான். அதைப் பார்த்து அவன் ஒன்று போடுவான்.

சட்டம் இதைச் சும்மா விடுவதில்லை. சமூகங்களுக்கு இடையே பகையைத் தூண்டுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை. பதினெட்டு முடிந்த கல்லூரி மாணவன் மேல் அப்படி ஒரு வழக்கு நிலுவையில் இருந்தால் போலீஸ் வேலைக்கான வெரிபிகேஷனில் மாட்டும். தெக்கத்திச் சீமையில் எத்தனை பையன்கள் காக்கிக் கனவோடு காலையில் மைதானத்தில் ஓடுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று புரியும்.

பதினெட்டுக்குக் கீழே என்றால் சட்டம் கொஞ்சம் தாய்மனசோடு நடந்துகொள்ளும். சிறார் நீதிச் சட்டம் 2015, சிறுவயதில் செய்த தவறு பிற்கால வாழ்க்கைக்குத் தடையாக நிற்கக்கூடாது என்று பெரும்பாலான வழக்குகளில் அந்தப் பதிவையே ஒதுக்கச் சொல்கிறது. அரசாங்கம் தன் பதிவேட்டை மூடிவிடும். யாரோ ஒருவன் போனில் சேமித்து வைத்த ரீலுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

சுருக்கமாக: நகல் எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை, அதை யாருக்குக் காட்டுவது என்பதும் நம் கையில் இல்லை, கோபம் பரவலை நிறுத்தாது, வேகப்படுத்தும்.

ஏற்கெனவே போய்விட்டது என்றால்

பயமுறுத்திவிட்டு நிறுத்தினால் மைக் பிடித்தவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. எல்லா நகலையும் அழிக்க முடியாது என்பது உண்மை. பரவுவதைப் பெருமளவு தடுக்க முடியும் என்பதும் உண்மை.

ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான் என்று கொள்வோம். படத்தை மறுபடி யாரிடமும் காட்டாமலே தடுக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு அடிப்படை ஹேஷ். ஒரு படத்தின் வெளிச்சம், நிழல் அமைப்பைக் கணக்கிட்டு உண்டாக்கும் நீளமான எண்தான் ஹேஷ். அதே படத்துக்கு எப்போது போட்டாலும் அதே எண் வரும். எண்ணிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. இந்தக் கணக்கு உங்கள் போனிலேயே நடக்கும். படம் வெளியே போகாது, எண் மட்டும் போகும். ஒப்புக்கொண்ட நிறுவனங்கள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு, பொருந்தும் படம் தங்கள் தளத்தில் ஏறினால் தடுப்பார்கள். பதினெட்டு முடிந்தவர்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’, அதற்குக் கீழான வயதில் எடுத்த படங்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்று இரண்டு இலவச சேவைகள் இருக்கின்றன. பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் இரண்டிலும் சேர்ந்திருக்கின்றன. வாட்ஸ்அப் உரையாடலுக்குள் இது எட்டாது, காரணம் மேலே சொன்ன மறையாக்கம்தான். படத்தை வெகுவாக வெட்டி மாற்றினாலும் எண் பொருந்தாமல் போகலாம்.

மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் மறுபடி கேட்பான். ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். படத்தில் இருப்பது பதினெட்டு வயதுக்குக் கீழான பிள்ளை என்றால் 67பி பிரிவும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் வந்து சேரும், தண்டனை கூடும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும். தாமதமானால் பணம் கணக்கு மாறி மாறிப் போய்விடும். மற்ற புகார்களுக்கு மத்திய அரசின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளம். குழந்தைக்கு யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஒரு பீரியட் போதும்

இதைச் சொல்லிக்கொடுக்க ஸ்மார்ட் வகுப்பறை தேவையில்லை. இரண்டு ஆசிரியர்களின் போன் போதும். ஒரு போனிலிருந்து ஒரு வரி அனுப்புங்கள். பிள்ளைகள் பார்க்க, அனைவருக்கும் நீக்குங்கள். பிறகு மற்ற போனில் நோட்டிபிகேஷன் ஹிஸ்டரியைத் திறந்து காட்டுங்கள் (முன்கூட்டியே அதை ஆன் செய்து, திரையை அணைத்து வைத்திருக்க வேண்டும்). கடைசி பெஞ்ச்வரை அமைதியாகிவிடும். அடுத்து, பள்ளியின் பக்கத்தில் வந்த ஆண்டுவிழாப் படம் ஒன்றைக் கொடுத்து, இதில் இருக்கும் பிள்ளையைப் பற்றி என்னவெல்லாம் தெரிகிறது என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கவனிக்காத ரெண்டு விஷயத்தை அவர்கள் எழுதுவார்கள்.

போனைப் பிடுங்கி பீரோவில் வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பிள்ளை விஷயத்தை மறைப்பதற்கு முதல் காரணமே அந்தப் பயம்தான். “என்ன நடந்திருந்தாலும் சொல்லு மக்கா, போனை வாங்க மாட்டேன்” என்று அப்பாவோ அம்மாவோ முன்கூட்டியே சொல்லி வைத்த வீட்டில், மிரட்டல் வந்த முதல் நாளே விஷயம் வெளியே வந்துவிடும். மற்ற வீடுகளில் அம்மாவின் நகை காணாமல் போன பிறகுதான் தெரியவரும்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு பிள்ளையின் அந்தரங்கப் படம் சுற்றுகிறது என்று தெரிந்ததும், ‘ஆதாரம்’ என்று அதை வாங்கி ஸ்டாப் குரூப்பில் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தலைமையாசிரியருக்கு மட்டும் அனுப்பினாலும் அது பரப்பிய கணக்கில்தான் வரும். குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும்கூடச் சட்டத்தின் பிடிக்குள் வரும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போக்சோவில் விஷயம் தெரிந்தவர் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் கட்டாயம், உள்ளுக்குள் பேசி முடித்துக்கொள்ள வழியில்லை. படத்தை உங்கள் போனுக்கு வாங்காதீர்கள். எந்தக் கணக்கிலிருந்து வந்தது, கணக்கின் பெயர், இணைப்பு முகவரி, தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அந்தக் கணக்கின் முகப்புப் பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் இருக்கும் போனை அணைக்காமல், எதையும் அழிக்காமல், அந்தப் பிள்ளையின் பெற்றோரோடு காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.